முன்னூறு குதிரையும் ஒரே ஊரும்

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, கொட்டாஞ்சேனையில் ஒருவர் என்னைத் தன் வேர்க் ஷொப்பை விட்டு வெளியே அனுப்பினார்.

கோபமாக அல்ல, மிக மரியாதையாக. "டொக்டர், முன்னுக்கு ஈக்கிற கடையில ஒரு பிளேன் டீ குடிச்சிட்டு, நல்லா யோசிச்சிட்டு வாங்க. அது வரைக்கும் நான் இந்த பிளொக்குல கை வைக்க மாட்டேன்."

அவர் பெயர் ரிஸ்வான். வயது நாற்பதுக்குள். கார் எஞ்சின்களைக் கழற்றி, கடைந்து, அளந்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பது அவர் தொழில். பேச்சு குறைவு, வேலை சுத்தம்.

எனக்கு ஐம்பத்து நான்கு. வெள்ளவத்தையில் இருபத்தாறு வருடமாகப் பல் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு இருபது பேரிடமாவது "வாயைத் திறவுங்கோ" என்று சொல்லியிருப்பேன். அதில் பாதிப் பேரிடம் சிங்களத்தில் - "கட்ட அரின்ன". நான் சொன்னால் எல்லோரும் திறப்பார்கள். என்னை ஒருவர் வெளியே போகச் சொல்லி, நான் போய் எனக்குப் பழக்கமில்லை.

ஆனாலும் போனேன், டீ குடித்தேன். ஏனென்றால் அவர் சொன்னது சரி. சரி என்று எனக்கு அப்போதே தெரியும். எரிச்சலே அதனால்தான்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் தெரியாத வெட்கக்கேடு பின்னால் வருகிறது.

என்னிடம் ஒரு கார் இருக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த இரண்டு கதவுக் கார். மஞ்சள் நிறம். கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன் - இதுவரை அவர்கள் எனக்கு ஒரு ஸ்பானர்கூட இலவசமாகத் தந்ததில்லை. போன வருடம் அதை மலைநாட்டுக்குக் கொண்டுபோய், பழைய கார்களுக்கான மலையேற்றப் போட்டி ஒன்றில் ஓடினேன். மகளிர் பிரிவில் மூன்றாமிடம். கப் தந்தார்கள்.

ஓடியவர்கள் மொத்தம் மூன்று பேர்.

கப்பைக் கையில் தந்த கமிட்டிக் கனவான் ஒலிபெருக்கியில் சொன்னார் - இந்தக் காருக்கும் மேடத்துக்கும் லேடீஸ் கிளாஸ்தான் பொருத்தம் என்று. கூட்டம் கைதட்டியது. நான் ஒலிபெருக்கியை அவர் கையிலிருந்து வாங்கி, அடுத்த வருடம் பொதுப் பிரிவில் சந்திப்போம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். போதாததற்கு அடுத்த வாரமே அதை இந்தப் பத்தியிலும் எழுதிவைத்தேன். அதிலிருந்து சந்தையில், கோயிலில், கிளினிக் நாற்காலியில்... வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டுகூட ஆட்கள் கேட்கிறார்கள், "டொக்டர், கார் என்ன மாதிரி?"

பொதுப் பிரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மாத முடிவுக்குள் எஞ்சின் நம்பரையும், எஞ்சினைப் பரிசோதித்தவர் தரும் கடிதத்தையும் விண்ணப்பத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால்? பெயரைத் தானாகவே மகளிர் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். திரும்பவும் மூன்று பேர். திரும்பவும் அதே கனவான், அதே ஒலிபெருக்கி.

அந்தச் சனிக்கிழமை, மாதம் முடியப் பத்து நாள் இருந்தது.

கார் புதிதாக இருந்தபோது அதன் எஞ்சினுக்கு நூறு குதிரைவலு. ஐம்பது வருடத்துக்குப் பிறகு எண்பது மிஞ்சியிருந்தால் பெரிய காரியம். பொதுப் பிரிவில் முன்னுக்கு ஓடுகிற கார்களை எல்லாம் பார்த்தேன், கணக்குப் போட்டேன், முன்னூறு வேண்டும் என்று முடிவு செய்தேன். என் கணவர் பேப்பரில் இருந்து தலையை நிமிர்த்தாமல் ஒரேயொரு கேள்வி கேட்டார். காலி வீதி நெரிசலில் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் ஊர்கிறவளுக்கு முன்னூறு குதிரை எதற்கு என்று. ஆசைக்குப் பதில் எங்கே இருக்கிறது?

முன்னூறு குதிரைவலு வேண்டுமென்றால் எல்லாம் பிளொக்கில்தான் தொடங்குகிறது. பிஸ்டன்கள் ஏறி இறங்குவதும் கிராங்க் சுழல்வதும் அந்த வார்ப்பு இரும்புக்குள்தான். டர்போ பிறகு போடலாம், பிஸ்டன் பிறகு மாற்றலாம். அத்திவாரத்தைப் பிறகு மாற்ற முடியாது.

ஏழு மாதம் படித்தேன். சும்மா அல்ல, ஹவுஸ் சேர்ஜன் காலத்துக்குப் பிறகு அப்படிப் படித்ததில்லை. என் முன்னால் மூன்று வழி இருந்தது.

காரோடு வந்த பழைய பிளொக்கே ஒன்று. நம்பரும் பதிவுப் புத்தகமும் பொருந்தும், மனதுக்கும் இதம். ஆனால் எனக்கு முன் வைத்திருந்தவர்கள் அதன் சிலிண்டர்களை இரண்டு தரம் கடைந்து பெருப்பித்துவிட்டார்கள். சுவர் மெலிந்துபோயிற்று. நூறு குதிரையைத் தாங்கும், முன்னூறைக் கொடுத்தால் சுவர் நெளியும். நன்றி சொல்லி ஓரமாக வைத்தேன்.

அடுத்தது இப்போதைய கார்களில் வருகிற அலுமினிய பிளொக். பாரம் பாதி. மலையேறப் பாரம் குறைவது எவ்வளவு நல்லது! ஆனால் போட்டி விதி விடாது - அந்தக் காலத்து எஞ்சின் குடும்பத்துக்குள்ளேயே நிற்கவேண்டும். வெட்டினேன்.

கடைசியாக, என் எஞ்சினின் தம்பி. அதே கம்பனி, அதே குடும்பம், சில வருடம் கழித்து வார்த்த பெரிய இரும்பு பிளொக். சிலிண்டர்ச் சுவர் தடிப்பு. கிராங்க் அமரும் இடம் அகலம். ஐம்பது கிலோ அல்ல, எண்பது கிலோ கூடினாலும் பரவாயில்லை, இதுதான் என்று ஒரு ஞாயிறு மத்தியானம் மேசையில் தட்டிச் சொன்னேன்.

அந்த முடிவில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ரிஸ்வானிடம் சொன்னபோது அவரும் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம்.

பிறகு வாங்கப் போனேன். அங்கேதான் என் ஏழு மாதப் படிப்பும் காற்றில் பறந்தது.

பஞ்சிகாவத்தை. கொழும்பில் கார் வைத்திருக்கிற எவருக்கும் அந்தத் தெருக்கள் தெரியும். ஜப்பானில் இருந்து கொன்டெய்னரில் வந்து ஒருகொடவத்தையில் இறங்குகிற பழைய எஞ்சின்களில் பெரும்பகுதி கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். என் போனில் பதினொரு கேள்விகள் எழுதி வைத்திருந்தேன். எத்தனை தரம் கடைந்தது? வெளியில் மழையில் கிடந்ததா? பெயின்ற் எப்போது அடித்தது? அடிக்க முதல் வெடிப்புப் பார்த்ததா? இப்படிப் பதினொன்று.

கடைக்காரருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று, கையில் கிரீஸ். நான் தமிழில் தொடங்கியதும் அவர் முகம் மலர்ந்தது. எழும்பி எனக்குத் தன் கதிரையைத் தந்தார். பிறகு கேட்டார், "தங்கச்சி எந்த இடம்?"

வெள்ளவத்தை என்றேன்.

"அது விளங்குது. ஊரிலை?"

நான் பிறந்தது வெள்ளவத்தை. படித்தது, கல்யாணம் கட்டியது, கிளினிக் போட்டது எல்லாம் வெள்ளவத்தை. ஊருக்கு ஏழோ எட்டோ தடவை போயிருப்பேன், அதிலும் பாதி செத்த வீடு. ஆனாலும் "ஊரிலை?" என்று ஒருவர் கேட்டால் என் வாய் தானாகத் திறந்துவிடுகிறது. வடமராட்சியில் எங்கள் ஊரின் பெயரைச் சொன்னேன். கோயிலுக்கு வடக்குப் பக்கமா, தெற்குப் பக்கமா என்றார். தெற்கு என்றேன். தபாற்கந்தோரில் இருந்த ஒருவரின் பெயரைச் சொல்லி, அவரைத் தெரியுமா என்றார். அவர் என் பெரியப்பா.

முடிந்தது. கடைக்காரர் எனக்கு மகேசன் அண்ணை ஆகிவிட்டார். அவர் அம்மாவின் தாய்மாமன் வீட்டு மதிலும் என் பெரியப்பா வீட்டு மதிலும் ஒரே மதிலாம். உள்ளே இருந்து டீ வந்தது. அவர் மனைவி கட்டிக்கொடுத்த வடை என் பக்கம் நகர்ந்தது. ரொறொன்ரோவில் யார், லண்டனில் யார், யாருக்கு முழங்கால் மாற்றியது... நாற்பது நிமிடம். பதினொரு கேள்வியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

எப்படிக் கேட்பது, சொல்லுங்கள். மதிலைப் பங்கு போட்ட மனிதரிடம், "உங்கட சாமான் வெடிச்சிருக்கோ?" என்று கேட்கிற தமிழ்ப் பிள்ளை எங்கே இருக்கிறாள்?

கடை வாசலில் ஒரு பிளொக் நின்றது. நான் தேடிய அதே பிளொக். பளபளவென்று நீலப் பெயின்ற். நல்ல சாமான், கொண்டுபோங்கோ பிள்ளை என்றார். அதற்குள் நான் தங்கச்சியில் இருந்து பிள்ளை ஆகியிருந்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையால் ஒரு தட்டுத் தட்டவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தால் என்ன நினைப்பார்? லொறியில் ஏற்றிவிட்டேன்.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை நீல பிளொக் கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தது. வெடிப்புப் பார்த்துவிட்டு, சுவரை அளந்துவிட்டுத்தான் கடைவேன் என்றார் ரிஸ்வான். அதெல்லாம் தேவையில்லை, தெரிந்த இடத்தில் எடுத்தது, நேரே வேலையைத் தொடங்குங்கள் என்றேன் நான். நாளும் குறைவு, என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் துணியில் கையைத் துடைத்தார். "டொக்டர், நீங்க படம் எடுக்காம பல்லுல கை வைப்பீங்களா?"

மாட்டேன். என் சொந்த அக்காவுக்கே எக்ஸ்ரே எடுக்காமல் கடைவாய்ப்பல் பிடுங்கியதில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு. இது எங்கள் ஊரவர் தந்தது, அவரை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்றேன்.

"நானும் அவர நம்புறேன். இரும்பத்தான் நம்பல்ல. மலையில இது ரெண்டாப் பொளந்தா கடிதத்துல ஈக்கிறது என்ட பேர்." அதற்குப் பிறகுதான் பிளேன் டீ குடிக்க அனுப்பினார்.

டீக்கடையில் இருந்து யோசித்தேன். நாங்கள் ஒன்றும் கேள்வி கேட்கத் தெரியாத சனம் இல்லையே. ஒரு மாப்பிள்ளையைப் பேசினால் மூன்று கண்டத்தில் ஆள் வைத்து விசாரிப்போம். பையன் ஒன்பதாம் வகுப்பில் கணக்குக்கு எடுத்த மார்க் வரைக்கும் வரும். அதே நாங்கள், வேண்டியவர் என்று தெரிந்துவிட்டால் வீட்டுக்கு வயரிங் செய்பவரிடம், கூரை போடுபவரிடம், விசாவுக்கு அலுவல் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டோம். கூரை ஒழுகினால் வாளியை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்போம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வாளி இருக்கிறதா இல்லையா?

திரும்பிப் போய்ச் சரி என்றேன். ஆனால் பார்த்தது மகேசன் அண்ணைக்குத் தெரியவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். ரிஸ்வான் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிளொக்கை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

கொதிக்கும் மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டதும் நீலப் பெயின்ற் சுருண்டு கழன்றது. பிறகு பிளொக்குக்குக் காந்தம் ஏற்றி, மேலே ஒரு பொடிக் கரைசலை ஊற்றினார். இரும்பில் எங்கே வெடிப்பு உண்டோ அங்கே பொடி போய்க் கூடும். கதவை மூடி, ஊதா லைட்டைப் போட்டார்.

கிராங்க் அமரும் மூன்றாவது இடத்தில், ஒரு போல்ட் ஓட்டையில் இருந்து கீழ்நோக்கி, பச்சையாக ஒரு கோடு எரிந்தது.

ஒரு விரல் நீளம். தலைமயிர் அளவு தடிப்பு. வெடித்த பல்லில் அந்த மாதிரிக் கோட்டை இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறவள் நான். எனக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. சும்மா கடைக்குப் போய்வருகிற காரில் இந்த பிளொக் பத்து வருடம் சத்தமில்லாமல் ஓடும், முன்னூறு குதிரையை ஏற்றினால் முதல் நாளே கிராங்கைக் கையில் தரும் என்றார் ரிஸ்வான்.

பயந்துபோனேன். ஒளிக்க ஒன்றுமில்லை. அந்த மலைப்பாதையில் இரண்டாவது கொண்டை ஊசி வளைவில், இடது பக்கம் வேலி இல்லாத ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் எஞ்சின் வெடித்து எண்ணெய் பின் டயரில் கொட்டினால்... அதற்கு மேல் நினைக்க நான் விரும்பவில்லை. மகேசன் அண்ணை மீது வந்ததைவிட என்மீதுதான் கோபம் கூட வந்தது. ஒரு கேள்வி கேட்க வெட்கப்பட்டு என் உயிரையல்லவா பணயம் வைக்கப் பார்த்தேன்?

திங்கட்கிழமை பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வெறுங்கையோடு போகலாமா? ஊரவர் அல்லவா. ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் ஒரு பெட்டி பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போனேன். வெடித்த சாமானைத் திருப்பிக் கொடுக்க வாழைப்பழத்தோடு போனவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

திரும்பவும் டீ. திரும்பவும் ரொறொன்ரோ. யாரோ ஒருவரின் மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்ததுவரை கேட்டுவிட்டு, போனை எடுத்து அந்தப் பச்சைக் கோட்டின் படத்தைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் கறுத்துப்போனது.

"சத்தியமா எனக்குத் தெரியாது, பிள்ளை. நான் பாக்கேல்லை."

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். எப்படியோ கேட்டுவிட்டேன். ஒருகொடவத்தையில் கொன்டெய்னர் இறக்குகிறவர், மகேசன் அண்ணையின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பியாம். அவர் நல்ல சாமான் என்று தந்தார். "அவனிட்டைப் போய், 'நீ செக் பண்ணினனியோ' எண்டு எப்பிடிக் கேக்கிறது?"

விளங்கியதா? அவர் மைத்துனரிடம் கேட்கவில்லை. நான் அவரிடம் கேட்கவில்லை. ஒரு வெடிப்பு இரண்டு சொந்தத்தைத் தாண்டி, பூசி மெழுகி, வடையும் சாப்பிட்டு, என் காருக்குள் வரப் பார்த்திருக்கிறது. கெட்டவன் ஒருவன்கூட இல்லாத கதை.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தார். "பிறத்தி ஆக்கள் வந்தால் லைட் அடிச்சுப் பாப்பினம், தட்டிப் பாப்பினம், நாலைத் தள்ளிப்போட்டு அஞ்சாவதை எடுப்பினம். எங்கட ஆக்கள் ஒண்டும் கேக்கிறேல்லை. நானும் முன்னுக்கு நிக்கிறதைத் தூக்கிக் குடுத்திடுறது."

அதாவது, அந்தக் கடையில் நல்ல சாமான் எல்லாம் அந்நியருக்குப் போகிறது. சொந்தக்காரருக்கு வாசலில் நிற்பது!

சரி, வேறு ஒன்று எடுப்போம் என்றேன். பின்னால் அதே பிளொக் இன்னும் மூன்று இருந்தன. எட்டு நாள் இருந்தது. இந்த முறை விடக்கூடாது என்று போனை எடுத்து, முதல் கேள்வியைக் கேட்டேன். இது எத்தனை தரம் கடைந்தது?

அவர் முகம் விழுந்துவிட்டது. "என்ன பிள்ளை... நான் பொய் சொல்லுவனே?"

அவ்வளவுதான். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார், நான் வாழைப்பழத்தைப் பார்த்தேன். படத்தில் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்த பிறகும் எங்கள் இரண்டு பேராலும் ஒரு கேள்வியைத் தாண்ட முடியவில்லை.

அந்த நேரம் ஒரு சிங்கள மனிதர் கியர்பொக்ஸ் தேடி வந்தார். வந்த வேகத்திலேயே கேட்கத் தொடங்கினார் - இது உடைந்ததா, எண்ணெய் ஒழுகுமா, இதைவிட நல்லது இல்லையா, ஏன் இதைக் காட்டுகிறீர். மகேசன் அண்ணை கொஞ்சமும் கோபிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பளிச்சென்று பதில் சொன்னார். ஒன்றை அவரே வேண்டாம் என்று தள்ளிவைத்தார். ஐந்து நிமிடம். வந்தவர் சந்தோஷமாகப் போனார்.

நான் எழும்பினேன். கடையை விட்டு வெளியே போய் நடைபாதையில் நின்றேன். கைப்பையைத் தோளில் சரியாகப் போட்டேன். திரும்ப உள்ளே வந்தேன்.

"அய்யே, ப்ளொக் எகக் பலன்ன ஆவே."

ஒரு பிளொக் பார்க்க வந்தேன், அண்ணை. அவ்வளவுதான் சொன்னது. ஆனால் சிங்களத்தில் சொன்னேன்.

மகேசன் அண்ணை என்னைப் பார்த்தார். நான் பகிடி விடுகிறேனா என்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தின் நுனியில் துடைத்தார், திரும்பப் போட்டார். பிறகு நெஞ்சை நிமிர்த்தி, எந்த வாகனத்துக்கு என்று கேட்டார். "மொன வாஹனயட்டத, நோனா?"

பெரியப்பா போய்விட்டார். மதில் போய்விட்டது. இப்போது அவர் கடைக்காரர், நான் வாடிக்கைக்காரி. பதினொரு கேள்வியையும் வரிசையாகக் கேட்டேன். பதினொன்றுக்கும் பதில் வந்தது. டோர்ச் கேட்டேன், தந்தார். முழங்காலில் நின்று ஒவ்வொரு சிலிண்டராக உள்ளே பார்த்தேன், சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தேன். வெள்ளைச் சேலைக்காரி ஒருத்தி தெருவில் நின்று என்னை வேடிக்கை பார்த்தாள். பார்க்கட்டும்.

இரண்டாவது பிளொக் எனக்குப் பிடித்திருந்தது. வெளிப்புறம் சுத்தம், போல்ட் எல்லாம் நேர். இதை எடுக்கிறேன் என்றேன். அவர் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏக்க கன்ன எப்பா, நோனா."

அதை எடுக்கவேண்டாம், அம்மா. ஒரு மாரி முழுக்க உள்ளே மழைத் தண்ணீர் நின்ற சாமான் அது, தண்ணீர் ஓடும் வழியெல்லாம் துருத் தின்றிருக்கும் என்றார்.

தமிழில் இந்த வார்த்தை அவர் வாயில் வந்திருக்குமா? தன் கடைச் சாமானைக் குறை சொல்ல அவருக்கு வெட்கம், சொல்லவைக்க எனக்கு வெட்கம். ஊரவரிடம் இருந்து வரவேண்டிய வார்த்தை கடைசியில் அந்நியரிடம் இருந்து வந்தது. அந்த அந்நியரும் அவர்தான்.

கடைசியாக எடுத்தது பார்க்கவே சகிக்காத ஒன்று. ஒரு கியர்பொக்ஸுக்கு அடியில் கிடந்தது. பெயின்ற் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு ஓர் அங்குலம். பரிசோதனையில் தோற்றால் திருப்பிக் கொண்டுவருவேன் என்று சிங்களத்தில் நிபந்தனை போட்டேன். சிங்களத்தில் ஒப்புக்கொண்டார். நீலத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டார், மைத்துனரிடம் எந்தப் பாஷையில் கதைப்பது என்று யோசிப்பதாகவும் சொன்னார். லொறியில் ஏற்றி முடிந்த பிறகு ஒரு வாழைப்பழத்தை உரித்து, பாதியை என்னிடம் நீட்டினார். "சரி பிள்ளை, இருந்து டீ குடிச்சிட்டுப் போங்கோ."

வியாழக்கிழமை கொட்டாஞ்சேனையில் திரும்பவும் கதவை மூடி ஊதா லைட்டைப் போட்டோம். ரிஸ்வான் பிளொக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு கோடும் எரியவில்லை. சுவரை நாற்பது இடத்தில் அளந்து, ஒவ்வொன்றையும் சோக்கால் பிளொக்கின் மேலேயே எழுதினார். மெலிந்த இடம் ஒன்றுகூட இல்லை.

அப்போது அவர் தலையாட்டினார். நான் ஏற்கெனவே சொன்னேனே, அபூர்வம் என்று. "முன்னூறு என்னத்துக்கு டொக்டர், இன்னும் கொஞ்சம் போட்டாலும் தாங்கும்."

நான் சிரித்த சிரிப்பு வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். கடிதத்தை அன்றைக்கே எழுதித் தந்தார். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தை அனுப்பினேன். அடுத்த திங்கள் பதில் வந்தது - பொதுப் பிரிவு, கார் இலக்கம் இருபத்தேழு. கமிட்டிக் கனவான் தொலைபேசியில் கூப்பிட்டு, மேடம் நன்றாக யோசித்தீர்களா என்று விசாரித்தார். பிளேன் டீ குடித்து யோசித்தேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, விளங்கவும் தேவையில்லை. போட்டிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. வெல்வேனா என்று கேட்காதீர்கள். மூன்று பேரில் மூன்றாவதாக வரமாட்டேன், அது நிச்சயம்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் நேற்று, செவ்வாய்க்கிழமை, கிளினிக்குக்கு மகேசன் அண்ணை வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. போட்டி பார்க்க மலைக்கு வரப்போகிறாராம், அதற்குள் இந்தப் பல்லுக்கு ஒரு வழி சொல்ல வேண்டுமாம். கையில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம்.

நாற்காலியில் இருத்தி, முதலில் பார்ப்போம், பிறகு ஒரு எக்ஸ்ரே எடுப்போம் என்றேன். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, பல்லிடுக்கால் கதைத்தார்.

"எக்ஸ்ரே எல்லாம் என்னத்துக்குப் பிள்ளை? நாங்கள் ஒரே ஊர்தானே. நோவுக்கு ஒரு குளிசையைத் தாங்கோ, காணும்."

கெஞ்சினேன். மிரட்டினேன். பெரியப்பாவின் பெயரைக்கூடச் சொன்னேன். திறக்கவில்லை.

கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போனேன். கதவைச் சாத்தினேன். புதுக் கையுறை போட்டுக்கொண்டு, திரும்ப உள்ளே வந்தேன்.

"மஹத்தயா, கட்ட அரின்ன."

திறந்தார்.